வின்ஸ்டன்-சேலம் போற மாப்ளைக்கு ஒரு கடுதாசி

அன்புள்ள மாப்ள,

அட்மிஷன் கெடச்சிருச்சுன்னு அக்கா போன்ல சொன்னா, அவ்ளோ சந்தோசம். ஊரு வின்ஸ்டன்-சேலம்னு சொன்னதும் எனக்கு உன் படிப்பு, ரூம், செலவு எதுவும் தோணல, போமன் கிரே ஸ்டேடியந்தான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேல வெயில்ல நின்னு ரேஸ் பாத்து வளந்த பையன் நீ, எஃப்1 ஒண்ணு விடாம பாக்குறவன், அந்த ஊருக்குப் போயிட்டு சனிக்கிழமை ராத்திரி ரூம்ல படுத்துக் கெடந்தீன்னா எனக்கு மனசே ஆறாது.

அது என்னன்னா ஒரு காலேஜ் ஃபுட்பால் கிரவுண்டு, அதச் சுத்தி கால் மைல் தாரு ரோடு, அவ்ளோதான் டிராக்கு. 1949ல இருந்து அங்க நாஸ்கார் ரேஸ் நடக்குது, நாஸ்கார்னா அமெரிக்காவோட பெரிய கார் ரேஸ் அமைப்பு, பில் ஃப்ரான்ஸும் ஆல்வின் ஹாக்கின்ஸும் அங்க ஆரம்பிச்சது. ஏப்ரல்ல தொடங்கி ஆகஸ்ட்ல முடிச்சிருவாங்க, ஏன்னா அதுக்கப்பறம் ஃபுட்பால்காரங்களுக்கு கிரவுண்டு வேணும்.

டேடோனான்ற பெரிய டிராக்கு மாதிரி வளைவுல சரிவு இருந்தா ரெண்டு மூணு லைன்ல ஓட்டலாம், இங்க தட்டையான ரோடு, உள்பக்க லைன் ஒண்ணுதான் வேகம், அதுல இருந்து உன்ன ஒருத்தன் வெளிய தள்ளிட்டான்னா பின்னாடி இருக்குற நாலஞ்சு பேரு வரிசையா உள்ள பூந்து போயிருவாங்க, நீ பாத்துட்டே இருக்க வேண்டியதுதான். அதனால முந்தணும்னா முன்னாடி போற வண்டியோட பின் பம்பர வளைவுல லேசா தட்டி நகத்தணும். லேசா தட்டுறதுக்கும் இடிச்சுச் சுத்தி விடுறதுக்கும் நடுவுல ஒரு நூல் அளவுதான் இருக்கு, சண்ட பூரா அந்த நூலுக்காகத்தான். ஒரு ரவுண்டு பதிமூணு பதினாலு செகண்டு, மூச்சு விடவே நேரம் இருக்காது. மேட்ஹவுஸ், அதாவது பைத்தியக்கார வீடுன்னு அந்த எடத்துக்குப் பேரு வந்தது சும்மா இல்ல.

நாலு வகை வண்டி ஓடும், அதுல மாடிஃபைட்ன்ற வகைதான் பெருசு. முன் சக்கரம் ரெண்டும் வெளிய தெரியும், அகலமா, தரையோட ஒட்டி, பாக்கவே முரட்டுத்தனமா இருக்கும். கடைசில வர்ற ஸ்டேடியம் ஸ்டாக்ன்னு சின்ன வண்டி ரேஸ வேஸ்ட்டுன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிராத, கைக்காசு போட்டு ஓட்டுற பசங்க அவங்க, அவங்க ஆவேசம் வேற மாதிரி.

என்ன மொதல்ல கூட்டிட்டுப் போனது எங்க ஆஃபீஸ்ல இருந்த ஒரு பெரியவரு. அவங்க அப்பா உக்காந்த அதே எடத்துலதான் இவரும் உக்காருவாரு. அங்க தலைமுறையா ஓட்டுற மையர்ஸ் குடும்பம்னா அவருக்கு உசுரு. டிம் பிரவுன்ற டிரைவர் பேர ஸ்பீக்கர்ல சொன்னா பாதி ஸ்டேடியம் எந்திரிச்சுக் கத்தும், மீதி பாதி ஊளையிடும், இவரு ஊளையிடுற கட்சி. நான் பிரவுன் கட்சி ஆயிட்டேன், அதுக்குக் காரணம் இருக்கு. அங்க மாடிஃபைட்ல அதிக வெற்றி அவருக்குத்தான், ஆனா வாரநாள்ல அவரு கப், அதாவது நாஸ்காரோட உச்ச தொடர்ல ஓடுற டீம் ஒண்ணோட பட்டறைல வேல செய்யுறவரு. பகல்ல அடுத்தவனுக்கு வண்டி கட்டி, ராத்திரி தன் வண்டியக் கட்டி, சனிக்கிழமை ஓட்டுறது. இந்த மாதிரி ஆளுங்க வேகத்த பாக்கத்தான் உன்ன போகச் சொல்றேன்.

மையர்ஸ் கதையையும் தெரிஞ்சுக்க. பாபி மையர்ஸ் 1957ல டார்லிங்டன் ரேஸ்ல செத்துப்போனாரு. அடுத்த வருசமே அவரு சகோதரர் பில்லி இதே போமன் கிரேல வண்டி ஓட்டிட்டு இருக்கும்போது மாரடைப்புல போயிட்டாரு. ரெண்டே வருசத்துல ரெண்டு சாவு. வேற குடும்பமா இருந்தா ஸ்டீயரிங் பக்கமே போயிருக்க மாட்டாங்க. ஆனா பில்லியோட பேரனுங்க பர்ட்டும் ஜேசனும் அதே டிராக்ல ஓட்டுனாங்க, இப்ப பர்ட்டோட மகன் ஸ்லேட்டும் ஓட்டுறான். பாபியோட மகன் டேனி, எல்லாரும் சாக்லேட் மையர்ஸ்னு கூப்பிடுவாங்க, கப் சாம்பியன் டேல் ஏர்ன்ஹார்ட் வண்டிக்குப் பெட்ரோல் ஊத்துறவரா இருந்தாரு. அந்த டீம் ஓனர் ரிச்சர்ட் சில்ட்ரஸ் சின்ன வயசுல எங்க கடலை வித்தாருன்னு நெனைக்கிற? இதே ஸ்டேடியத்துலதான்.

பெரிய ஆளுங்களும் இங்க ஓட்டியிருக்காங்க. ரிச்சர்ட் பெட்டியோட 100வது வெற்றி 1969ல இங்கதான். கிளென் வுட் கிராண்ட் நேஷனல்ல, அதான் கப்போட பழைய பேரு, ஜெயிச்ச நாலு ரேஸும் இங்கதான். அப்பறம் 1971ல ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனி ஸ்பான்சரா வந்துச்சு, அடுத்த வருசம் சின்ன தூர ரேஸ் எல்லாத்தையும் கப் அட்டவணைல இருந்து தூக்கிட்டாங்க, போமன் கிரேயும் போச்சு. போமன் கிரேன்றதே அந்தக் கம்பெனியோட பழைய தலைவர் பேருதான் மாப்ள. இத நெனச்சா எனக்கு இன்னும் வலிக்கும்.

கப் ரேஸ் அங்க நடந்த அந்தக் கடைசி வருசம், 1971ல, மையர்ஸ் சகோதரர்கள் நினைவு ரேஸ்ல பாபி அலிசன் மஸ்டாங் கார்ல மொதல்ல வந்தாரு. வண்டி வேற வகைன்னு அந்த வெற்றிய அவரு கணக்குல சேக்கவே இல்ல. 2024 அக்டோபர்லதான் அத ஏத்துக்கிட்டு 85வது வெற்றின்னு எழுதுனாங்க. அடுத்த மாசம் அவரு போயிட்டாரு. காதுல கேட்டுட்டாவது போனாரேன்னு இருந்துச்சு.

2025 பிப்ரவரில கப் வண்டிங்க திரும்பி வந்துச்சு, சீசனுக்கு முன்னாடி புள்ளி இல்லாம நடக்குற கிளாஷ் ரேஸுக்கு, சேஸ் எலியட் ஜெயிச்சாரு. நான் டிவிலதான் பாத்தேன். எனக்கு எலியட் முக்கியமில்ல, டிம் பிரவுனும் பர்ட் மையர்ஸும் அன்னைக்குக் கப் வண்டில உக்காந்து ஹீட் ரேஸ், அதாவது தகுதிச் சுற்று, ஓட்டுனாங்க பாரு, பிரவுன் ஓட்டுனது பட்டறைல அவரே கைவச்ச வண்டி, அத பாக்கும்போது கண்ணு கலங்கிருச்சு.

வடக்கால ஒரு மணி நேரம் போனா மார்ட்டின்ஸ்வில் வரும், அர மைல் டிராக்கு. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010ல நாஸ்கார் டிரக் ரேஸ்ல மொத மொதல்ல எறங்குனது அங்கதான், 13வதா வந்தாரு. எஃப்1 ஓட்டுன கை, அந்தச் சின்ன வளைவுல டிரக்க வச்சு முட்டி மோதி முடிச்சது லேசுப்பட்ட காரியமா. அதையும் ஒருநாள் போய்ப் பாத்துட்டு வா.

காதுக்கு அடைப்பான் மறக்காத, எஞ்சின் சத்தம் ஸ்டேடியத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி அடிக்கும். சீக்கிரம் போ, நல்ல எடம் புடி, பக்கத்துல உக்காந்திருக்குற பெருசுங்ககிட்ட யாரு கட்சின்னு கேளு, ராத்திரி பூரா கதை சொல்லுவாங்க. மொத ரேஸ் பாத்துட்டு எந்நேரமானாலும் எனக்குப் போன் போடு, மாடிஃபைட்ல யாரு ஜெயிச்சா, யாரு யார இடிச்சான்னு மொதல்ல அத சொல்லு, அக்காவுக்கு அப்பறம் பேசிக்கலாம்.

இப்படிக்கு,
உன் மாமா