வாக்கு செல்லாத இடத்தில் தோற்றவர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், தலைக்குக் குளிக்க அவசரப்பட வேண்டாம்.

ஜான்சிபாரில் எடுத்த நம் தமிழ் 'சர்வைவர்' ரியாலிட்டி ஷோ முழுவதையும் பார்த்து முடித்துவிட்டாய் போலிருக்கிறது. டாஸ்க்கில் யார் கெட்டியோ அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டும், நடுவில் இந்த ஓட்டுப் போடும் பஞ்சாயத்து எதற்கு என்று கேட்டிருந்தாய். தீவில் சேர்ந்து வாழ்பவர்கள் தங்களில் ஒருவரை அவ்வப்போது வெளியேற்றப் போடும் அந்த ஓட்டுதான் ஆட்டமே, சேகர். இதை உனக்குப் புரியவைக்க ஒரே ஒருவரைக் காட்டினால் போதும். அமெரிக்க சர்வைவரில் 2006 முதல் 2017 வரை நான்கு சீசன் ஆடி, அவற்றில் ஒன்றில்கூடப் பட்டம் வாங்காத சிரீ ஃபீல்ட்ஸ்.

அவர் ஒரு நர்ஸ். வீட்டு சோபாவில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகை. காட்டில் இலைகளைக் கண்டாலே பயம் என்று கேமரா முன் தானே சொன்னவர். 2006-இல் பனாமா சீசனில் 16 பேரை வயதையும் பாலினத்தையும் வைத்து நான்கு நான்காகப் பிரித்தார்கள். மூத்த பெண்கள் நால்வரில் சிரீ ஒருவர். தோற்றால் ஒருவரை வெளியேற்ற வேண்டிய முதல் டாஸ்க்கிலேயே அந்த அணி தோற்றது. பலத்தைப் பார்த்தால் அன்றே சிரீதான் வெளியேறியிருக்க வேண்டும். போனவரோ மரம் வெட்டும் போட்டிகளில் பேர் வாங்கிய டீனா ஷீர். மற்ற இருவரையும் சிரீ பேசியே தன் பக்கம் திருப்பிவிட்டார்.

அதே சீசனில் ஆறு பேர் மிஞ்சியிருந்த அன்று அவர் செய்தது இன்றும் பேசப்படுகிறது. ஆறு பேர் இருந்தால் பெரும்பான்மைக்கு நான்கு ஓட்டு வேண்டும் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். எதிர் ஓட்டுகள் ஒரே பெயரில் சேராமல் பார்த்துக்கொண்டால் மூன்றே போதும் என்பது சிரீயின் கணக்கு. மூன்று ஓட்டு கோர்ட்னிக்கு, இரண்டு டேனியலுக்கு, ஒன்று ஏரஸுக்கு என்று பிரிந்து விழ, கோர்ட்னி வெளியேறினார். குறி ஏன் கோர்ட்னி மீது? கடைசி இருவரில் யாருக்குப் பட்டம் என்று ஏற்கெனவே வெளியேறியவர்கள் அடங்கிய ஜூரி ஓட்டுப் போடும். எவர் பக்கத்தில் கோர்ட்னி உட்கார்ந்தாலும் அந்த மற்றவருக்குத்தான் பத்து லட்சம் டாலர். கூட ஆடிய ஷேன் அவரை அதற்காகவே கூட வைத்திருந்தார். இந்தக் கணக்கில் ஆபத்தும் உண்டு. மூவரில் ஒருவர் மனம் மாறி டேனியல் பெயரை எழுதியிருந்தால் 3-2 அப்படியே தலைகீழாகியிருக்கும். அதனால் ஒவ்வொருவரிடமும் அவரவர் காரணத்தை வைத்தே பேச வேண்டும். யோசனை தன்னுடையது என்று கேட்பவரே நம்பும் அளவுக்குப் பேசுவதுதான் சிரீயின் கைவந்த கலை.

நால்வர் மிஞ்சியபோது சிரீக்கு இரண்டு, டேனியலுக்கு இரண்டு என்று ஓட்டு சமமாகிவிட்டது. அந்த முடிச்சை நெருப்பு மூட்டித்தான் அவிழ்த்தார்கள். டேனியல் ஜெயித்தார், சிரீக்கு நான்காம் இடம். இந்த நெருப்பு வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதே. மெக்னீசியக் கட்டியைக் கத்தியால் சுரண்டி, ஒரு ரூபாய்க் காசளவு தூளைக் குவியலாகச் சேர்க்க வேண்டும். அதன் கீழே தேங்காய் நார். நார் கட்டியாக இருந்தால் பொறி விழுந்த இடம் மட்டும் கருகி அணைந்துவிடும், பஞ்சு மாதிரி பிய்த்திருந்தால்தான் பற்றும். பற்றியதும் தீக்குச்சி கனத்தில் சுள்ளி, அது பிடித்த பிறகே விரல் கனத்தில் குச்சி. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். எதிராளியின் தழல் எழும்புவதைப் பார்த்ததும் பதறிப்போய்த் தடித்த விறகை மேலே போடுவார்கள், காற்று புக வழியில்லாமல் தீ மூச்சு முட்டிச் செத்துவிடும். 2017-இன் பிற்பகுதியிலிருந்து வந்த சீசன்களில் நால்வர் மிஞ்சினால் நெருப்புப் போட்டி என்பதையே வழக்கமாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாரக்கணக்கில் பேசிக் கட்டிய ஆட்டத்தை அரை மணி நேரக் கைவேலை தீர்மானிப்பது சரியல்ல.

அடுத்தது 2008-இல் வந்த மைக்ரோனேசியா, பலாவ் தீவுகளில் எடுத்தது. நீ முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சிரீ, பார்வதி ஷாலோ, அமாண்டா கிம்மெல், நடாலி, அலெக்சிஸ் என்று பெண்கள் ஓரணியாகி ஆண்களை வரிசையாக அனுப்பினார்கள். (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிடாதே, பார்வதியும் அமெரிக்கரே.) ஓஸி, தனக்கு விழும் ஓட்டுகளைச் செல்லாததாக்கும் இம்யூனிட்டி ஐடலைப் பையில் வைத்துக்கொண்டே வெளியேறினார், பிறகு ஜேசனும் அப்படியே. ஐந்து பேர் மிஞ்சியபோது நான்கு பெண்கள், ஒரே ஆண் எரிக். போட்டியில் வென்றவரை அன்றைய ஓட்டிலிருந்து காக்கும் இம்யூனிட்டி மாலை எரிக் கழுத்தில். விதிப்படி அவரைத் தொட முடியாது. அந்த மாலையை அவரே கழற்றிக் கொடுக்கும்படி செய்தால் என்ன என்ற யோசனை சிரீயுடையது, அதைச் செய்து முடித்தது நடாலி. ஜூரியில் இருப்பவர்கள் உன்னை வாக்குத் தவறுகிறவனாகப் பார்க்கிறார்கள், இந்த ஒரு செயலால் உன் பேரைக் காப்பாற்றிக்கொள் என்று வற்புறுத்தினார்கள். எல்லார் முன்னாலும் எரிக் மாலையைக் கழற்றி நடாலியிடம் கொடுத்தார். சிறிது நேரத்தில் பெட்டியிலிருந்து வந்த சீட்டுகளில் அவர் பெயர். ஜூரி வரிசையில் இருந்தவர்களின் முகங்களை அந்தக் காட்சியில் கவனி.

அவ்வளவு செய்தும் சிரீக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். முந்தைய மூன்று சீசன்களிலும் கடைசியில் மூவர் ஜூரி முன் உட்கார்ந்ததால் இதுவும் அப்படித்தான் என்று நம்பியிருந்தார்கள், ஆனால் இந்த முறை இருவர்தான் என்று ஆகிவிட்டது. கடைசி இம்யூனிட்டியை வென்ற அமாண்டா தன்னோடு பார்வதியை அழைத்துப் போனார். மூவர் இருக்கும்போது இருவர் ஓட்டு ஒன்றையொன்று தட்டிவிடும், மாலை வைத்திருப்பவரின் ஒற்றை முடிவே மிஞ்சும். அங்கே பேச்சு எடுபடவில்லை. பார்வதி 5-3 என்று பட்டம் வாங்கினார்.

2010-இல் சமோவாவில் எடுத்த 'ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ்' அவருக்குச் சீக்கிரமே முடிந்தது, 20 பேரில் 17-ஆம் இடம். ஆனால் ஓட்டுப் பிரிப்பது எங்கே பிசகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஹீரோஸ் அணியில் அப்போது மிஞ்சியிருந்தது எட்டுப் பேர். டாம், கோல்பி இருவரையும் மற்ற ஆறு பேர் குறிவைத்தார்கள். டாமிடம் ஐடல் இருந்தால்? அதற்காக ஆறு ஓட்டை மூன்று டாமுக்கு, மூன்று கோல்பிக்கு என்று பிரித்தால் போதும். டாம் ஐடலை எடுத்தாலும் கோல்பிக்கு மூன்று, எதிரே இரண்டுதான். காகிதத்தில் கச்சிதமான திட்டம். ஆறு பேரில் ஜே.டி. ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் சிரீக்கு மூன்று ஓட்டு, கோல்பிக்கு இரண்டு. டாம் ஐடலை எடுக்க, அவருக்கு விழுந்த ஓட்டுகள் செல்லாமல் போயின. ஆறு பேர் கூட்டணியில் ஒரே ஒருவர் மாறினாலே கவிழ்ந்துவிடும். ஒருவர் மாறினாலும் தாங்கும் எண்ணிக்கை இல்லாமல் ஓட்டைப் பிரிக்கக் கூடாது.

2017, ஃபிஜி, 'கேம் சேஞ்சர்ஸ்'. அதில் ஒரு டாஸ்க் முடிந்த பிறகும் கடலின் மேல் போட்டிருந்த ஒல்லியான மரப் பலகையைக் கடக்க சிரீ விடாமல் முயல்வார். விழுவார், நீந்தி வந்து மறுபடி ஏறுவார். முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஆட்டம் அது. எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்த, கடைசியில் கடந்துவிடுவார். தவறவிடாதே.

அதே சீசனில் அவர் சறுக்கிய இடமும் உண்டு. சேரா, நம்பிக்கைக்கு அடையாளமாகத் தன் ஓட்டுத் திருடும் சலுகைச் சீட்டை சிரீயிடம் கொடுத்து வைத்திருந்தார். ஓட்டுப் போடக் கூடும் கவுன்சிலில் சிரீ அதை எடுத்து, சேராவின் ஓட்டையே திருடப் பார்த்தார். சீட்டில் எழுதியிருந்ததை முழுதாகப் படிக்கவில்லை. ஐடலைக் கைமாற்றலாம், அந்தச் சீட்டைக் கைமாற்ற முடியாது. திட்டம் வெளிப்பட்டது, சேராவின் நம்பிக்கையும் போயிற்று.

ஆறு பேர் மிஞ்சிய இரவு பிராட் கழுத்தில் மாலை. சேரா, ஓட்டிலிருந்து காக்கும் தன் லெகசி சலுகையை எடுத்தார், அன்று விட்டால் அது வீண். டிராய்சன் ஒரு ஐடல். டாய் கையில் இரண்டு, ஒன்று தனக்கு, ஒன்று ஆப்ரிக்கு. ஐந்து பேருக்குப் பாதுகாப்பு, மிஞ்சியவர் சிரீ. அவர் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை, ஒரு ஓட்டு இல்லாமலே வெளியேறினார். சலுகைகளை இப்படி அள்ளி இறைத்ததை நான் நிகழ்ச்சியின் பிழையாகவே பார்க்கிறேன்.

இப்போது நான்கையும் சேர்த்துப் பார். ஒருமுறை நெருப்பு, ஒருமுறை மாலை, ஒருமுறை ஐடல், ஒருமுறை சலுகைகள். மனிதர்கள் எழுதும் சீட்டு செல்லுபடியான வரை அவரை அசைப்பது கடினமாக இருந்தது. அந்த நான்கு சீசனிலும் தனிநபர் இம்யூனிட்டி ஒன்றுகூட அவர் வெல்லவில்லை, அது உண்மையான குறை. அந்த விதத்தில் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2023-இல் வந்த அமெரிக்க 'தி ட்ரெய்ட்டர்ஸ்' முதல் சீசனைப் பார். ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை, யார் துரோகி என்று வட்ட மேசையில் ஓட்டு. மறைந்திருக்கும் துரோகிகளோ இரவில் மற்றவர்களைக் 'கொன்று' ஆட்டத்திலிருந்து நீக்குவார்கள். அங்கே கிடைக்கும் கேடயம் இரவில் 'கொல்லப்படாமல்' காக்குமே தவிர ஓட்டிலிருந்து காக்காது. சிரீ துரோகிகளில் ஒருவர். கடைசியில் குவென்டின், ஆண்டி இருவரும் அவரை முழுதாக நம்பி ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். 2,50,000 டாலரும் அவருக்கு. உண்மை தெரிந்து இருவரும் இடிந்துபோய் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பிறகு சர்வைவர் 50-வது சீசனுக்கான பட்டியலிலும் அவர் பெயர் வந்தது.

முதலில் மைக்ரோனேசியா, அடுத்து பனாமா, அப்புறம் கேம் சேஞ்சர்ஸ். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள். ஒவ்வொரு கவுன்சிலுக்கு முன்பும் யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று எழுதிவிட்டுப் பிறகு பார். எரிக் மாலையைக் கழற்றும் பகுதி வந்ததும் எனக்கு எழுது, அன்று நீ எந்தப் பெயரை எழுதி வைத்திருந்தாய் என்று தெரிய வேண்டும்.

அன்புடன்,
முரளி