இறங்குதளத்தில் நிற்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நியமனக் கடிதம் பார்த்தேன். திட்ட உதவியாளர், பதினோரு மாத ஒப்பந்தம், தூத்துக்குடி. போனில் உன் குரல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆறு வருஷம் மீன்வளம் படித்துவிட்டு ஏலக்கூடத்தில் நின்று மீன் அளக்கவா போகிறேன் என்று கேட்டாய். ஆமாம், அளக்கத்தான் போகிறாய். அதை எப்படிச் செய்யவேண்டும் என்று போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 35 லட்சம் டன் கடல்மீன் பிடிபடுகிறது என்று சொல்கிறோம். அவ்வளவு மீனையும் யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. குறிப்பிட்ட சில நாட்களில், குறிப்பிட்ட சில ஊர்களில், உன்னைப் போல ஒருவர் நோட்டும் பென்சிலுமாக நின்று எழுதியதிலிருந்து பெருக்கி எடுத்த கணக்கு அது. கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் இருந்த மத்தி 2021-ல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னுக்கு இறங்கிவிட்டது என்று அடித்துச் சொல்ல முடிந்தது எதனால்? வருஷக்கணக்காக, மழையிலும் வெயிலிலும், ஒரே முறையில் ஆட்கள் எழுதிக்கொண்டே வந்ததால். 1947-ல் தொடங்கி மண்டபத்தில் காலூன்றி, 1971-ல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய சொத்து எது என்று கேட்டால், அந்தக் கணக்கேடுகளைத்தான் நான் சொல்வேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்கும் விதம். மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் ஐந்து தேதிகளுக்குள் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பார்கள். 4 வந்தால் 4-5, 6-7, 8-9 என்று இரண்டிரண்டு நாள் சேர்ந்த மூன்று தொகுப்பு. அடுத்த பத்து நாட்களில் 14-15, 16-17 என்று அதே வரிசை. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் இறங்குதளம், அதாவது படகுகள் மீன் இறக்கும் கரை. முதல் நாள் பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரை நிற்பாய். மறுநாள் காலை 6 முதல் 12 வரை நிற்பாய். நடுவில் இரவில் வந்த படகுகளின் கணக்கை மறுநாள் காலையில் விசாரித்து எழுதுவாய். எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாள். தருவைக்குளம், வேம்பார், மணப்பாடு மாதிரி ஊர்கள் பல சேர்ந்து ஒரு மண்டலமாக வரும். பெரிய துறைமுகத்தைத் தனி மண்டலமாக வைத்து அதிக நாள் பார்ப்பார்கள்.

இதில் நடக்கும் முதல் தப்பு, தேதியை மாற்றுவது. குலுக்கலில் ஞாயிற்றுக்கிழமை விழும். அந்தக் கரையில் அன்றைக்குத் தொழில் இல்லை. ஆகஸ்ட் 5 விழும். பனிமய மாதா திருவிழாவில் ஊரே கோவிலில் இருக்கும். "போய் என்ன பிரயோசனம், திங்கட்கிழமை போகலாம்" என்று தோன்றும். திங்கட்கிழமை மீன் கூடுதலாக இறங்கும். அந்தக் கூடுதலை மாதம் முழுவதற்கும் பெருக்கிவிடுவார்கள். தொழில் இல்லாத நாளுக்குத் தொழில் இல்லை என்று எழுதுவதும் ஒரு பதிவுதான். வெறுங்கையோடு வந்த படகுக்கும் அப்படியே. "பாடு இல்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிற படகை விட்டுவிட்டால், கடலில் எப்போதும் மீன் இருக்கிற மாதிரி உன் நோட்டு பொய் சொல்லும்.

எத்தனை படகைப் பார்ப்பது என்பதற்கும் விதி உண்டு. 15 வரை வந்தால் எல்லாவற்றையும் பார். 16 முதல் 19 வரை என்றால் முதல் பத்தையும், மீதியில் பாதியையும். 20-29 என்றால் இரண்டுக்கு ஒன்று, 30-39 மூன்றுக்கு ஒன்று, 40-49 நான்குக்கு ஒன்று, 50-ம் அதற்கு மேலும் ஐந்துக்கு ஒன்று. 42 விசைப்படகு வந்தால் நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது என்று வரிசை பிடித்துப் போகவேண்டும். எட்டாவது படகின் சம்மாட்டி (உரிமையாளர்) சிடுசிடுப்பானவர், ஒன்பதாவது படகில் டீ வாங்கித் தருவார்கள் என்பதற்காக ஒன்பதுக்குத் தாவாதே. மீன் குவிந்து கிடக்கும் படகுக்குக் கால் தானாகப் போகும். அதையும் அடக்கு.

கேள்வி கேட்கிற விதமும் பழக வேண்டும். "எத்தனை கிலோ?" என்று கேட்டால் பதில் சுற்றிவளைத்து வரும். வரி, டீசல் மானியம், பக்கத்துப் படகுக்காரர் காது என்று அவர்களுக்கு எத்தனையோ கவலை. "எத்தனை பெட்டி ஏலத்துக்குப் போச்சு? சங்காயம் எத்தனை கூடை?" என்று கேள். பெட்டியின் எடையை நீ முன்னாடியே நிறுத்துத் தெரிந்துவைத்துக்கொள், ஐஸ் இல்லாமல். சங்காயத்தை, அதாவது கழிவாக ஒதுக்கும் பொடி மீனை, கேட்க மறந்துவிட்டால் குஞ்சு மீன் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். கோழித்தீவன ஆலைக்குப் போகிற அந்தக் கூடையில்தான் அடுத்த வருஷத்து மீன் கிடக்கிறது. ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 1.83 மீட்டர். 25 பாகம் என்றால் 46 மீட்டர் என்று வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள். அங்கே நின்று கணக்குப் போடாதே. எந்த இடத்தில் வலை விட்டார்கள் என்று துல்லியமாக நோண்டாதே. திசையும் ஆழமும் போதும். அந்த இடம்தான் அவர்களுக்கு மூலதனம்.

மீன் பெயரில் ஏமாந்துவிடாதே. நீ சென்னைக் காசிமேட்டுப் பெயரோடு போகிறாய். இங்கே சீலா என்றால் நீளமூக்கும் கோரைப்பல்லும் உள்ள பாரகுடா, அறிவியல் பெயரில் ஸ்பைரீனா. தூத்துக்குடியில் சீலா என்று ஏலம் கூவுவது நம் வஞ்சிரத்தை. நம் சீலாவை அவர்கள் ஊளி என்பார்கள். இரண்டுக்கும் விலையும் வேறு, வளர்ச்சியும் வேறு. இது தெரியாமல் ஒரு மாதம் எழுதினால் இரண்டு இனத்தின் கணக்கும் கெட்டுப்போகும். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு மீனையும் பக்கவாட்டில் படம் எடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, துடுப்பு விரித்து. ஊர்ப்பெயரைக் கேட்டு எழுது. அறிவியல் பெயரை மாலையில் மூத்தவர்களிடம் காட்டி உறுதிசெய்துகொள். சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்து. தெரியாத இனத்துக்குத் தெரிந்த பெயரை வைப்பதுதான் பெரிய கேடு.

அளப்பது. மீனின் தலை இடதுபக்கம், வாய் மூடி, மூக்கு முனை அளவுப் பலகையின் கட்டையைத் தொடவேண்டும். வாய் திறந்திருந்தால் அரை சென்டிமீட்டர் கூடிவிடும். வாலின் கவட்டை வரை அளப்பதா, நுனி வரை அளப்பதா என்று திட்டத்தில் எழுதியிருக்கும், நடுவில் மாற்றாதே. இறாலுக்குக் கொம்பு முனையிலிருந்து வால்முள் முனை வரை, கணவாய்க்கு உடல் உறையின் நீளம், நண்டுக்கு ஓட்டின் அகலம். திருக்கைக்குத் தட்டின் அகலம், ஏனென்றால் வாலைக் கடலிலேயே வெட்டிவிடுவார்கள். கண்ணும் கையும் களைத்துப்போனால் 15, 20, 25 என்று முழு எண்ணிலேயே அளவு விழ ஆரம்பிக்கும். வரைபடம் போட்டால் அங்கங்கே மேடு மேடாக நிற்கும்; பார்க்கிறவர் அதை வேறு வேறு வயதுக் கூட்டம் என்று நினைத்துவிடுவார். ஐம்பது மீனுக்கு ஒருமுறை நிமிர்ந்து தண்ணீர் குடி. நீ அளந்து இன்னொருவர் எழுதினால், அவர் எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

கூடையின் மேலடுக்கிலிருந்து எடுக்காதே. ஏலத்துக்காகப் பெரிய மீனை மேலே அடுக்குவது வழக்கம். தரம் பிரித்த மீனில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு படகில் பெரிய கானாங்கெளுத்தி 3 பெட்டி, சின்னது 11 பெட்டி, பெட்டிக்கு 30 கிலோ என்று வை. இரண்டிலும் ஐம்பது ஐம்பது மீன் அளந்தாய். பெரிய ஐம்பதின் எடை 10 கிலோ, சின்ன ஐம்பதின் எடை 3 கிலோ. பெரியதில் மொத்தம் 90 கிலோ, ஆக 9 மடங்கு, 450 மீன். சின்னதில் 330 கிலோ, ஆக 110 மடங்கு, 5,500 மீன். நூறு அளவையும் அப்படியே ஒன்றாகக் கொட்டினால் பாதிக்குப் பாதி என்று காட்டும். உண்மையில் ஒரு பெரிய மீனுக்குப் பன்னிரண்டு சின்ன மீன். அந்தப் படகு எந்த வயது மீனைப் பிடிக்கிறது என்ற கேள்விக்கே பதில் தலைகீழாகிவிடும். அதனால் மாதிரியின் எடை, அந்தத் தரத்தின் மொத்த எடை இரண்டையும் அளவுத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடு. அது இல்லாத தாள் எதற்கும் உதவாது.

ஆய்வகத்துக்கு மீன் வாங்கும்போது காசு கொடுத்து வாங்கு, ஏல விலைக்கே. ஐஸில் வைத்து அன்றைக்கே வெட்டு. உறைய வைத்தால் சினைமுட்டை வெடித்துவிடும், திசுவை ஆராய முடியாது. இரைப்பை ஆராய்ச்சிக்கு வலை வகை முக்கியம். செவுள் வலையில் மணிக்கணக்காகத் தொங்கிய மீனுக்கு வயிறு காலியாக இருக்கும். ஆழத்திலிருந்து இழுவலையில் வந்த மீனுக்குக் காற்றுப்பை ஊதி இரைப்பை வாய்வழியே பிதுங்கியிருக்கும். இரண்டையும் பட்டினி என்று எழுதிவிடாதே.

செவிக்கல் என்பது மீனின் வயதைச் சொல்லும் காதுக்கல். அதை எடுக்கக் கத்தாழை மீனில் பழகு, கல் பெரியது. மண்டையைக் கண்ணுக்கு மேலாகச் சாய்த்து வெட்டி, மூளையை ஒதுக்கினால் இருபுறமும் வெள்ளையாகத் தெரியும். சாமணத்தால் எடுத்து, சவ்வை உரித்து, தண்ணீரில் அலசி, உலர்த்தி, சின்ன உறையில் இடது வலது குறித்து வை. பார்மலினில் போட்டுவிடாதே. பார்மலின் நாளாக நாளாக அமிலமாகும், சுண்ணாம்புக் கல் கரையும். மரபணு ஆய்வுக்கு எடுக்கும் சதைத்துண்டும் பார்மலின் பக்கம் போகக்கூடாது. அதற்கு 95 சத எத்தனால். முழு மீனைப் பாதுகாக்க மட்டும் ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பெரிய மீன் என்றால் வயிற்றில் ஊசியும் போடு. இன்னொன்று: பார்மலின் பாட்டிலை ஏலக்கூடத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. 2018-ல் மீனில் பார்மலின் என்று கிளம்பிய பீதியில் எத்தனை பேரின் வியாபாரம் படுத்தது தெரியுமா? உன் கையில் அந்த வாசம் வந்தாலே அவர்களுக்கு நஷ்டம்.

வலையில் கடல்குதிரை, கடல் அட்டை வந்திருந்தால் எண்ணி, படம் எடுத்து, எழுது. 2001-லிருந்து அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூடப் பையில் போடாதே, மாதிரிக்குக்கூட.

இனி உன் வழியைப் பற்றி. ஒப்பந்தம் என்றால் திட்டம் முடிந்ததும் வேலை முடிந்தது. இதை மனதில் வைத்தே நட. முடிகிற நாளில் அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கு. நீ என்ன செய்தாய் என்று அதில் வரி வரியாக இருக்கவேண்டும். முதுநிலைப் பட்டம் இருக்கிறது, விஞ்ஞானிப் பணிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பார்த்துத் தேர்வுக்குத் தயாராகு. ஆனால் விஞ்ஞானி ஆனால்தான் இந்தத் துறையில் ஆள் என்று நினைக்காதே. கொச்சியில் மீன்பிடி, மீன் பதனத் தொழில்நுட்பத்துக்கு என்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. 1984-லிருந்து சாகர் சம்பதா என்ற கடல் ஆராய்ச்சிக் கப்பல் இருக்கிறது. அதில் வலையை இழுக்கும் வின்ச் இயந்திரத்தை இயக்குகிறவர் கைத்திறன் தப்பினால் ஆழ்கடல் மாதிரியே கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. அங்கே பவளப்பாறையை நாடா போட்டு அளக்க முக்குளிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நீ நீச்சலை விடாதே. புள்ளியியல் படித்தவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. மாலையில் ஒரு மணி நேரம் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் பழகு. எனக்கு மனதில் பெரிய கவலை வகைப்பாட்டியல்தான். மீனைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். உனக்குக் கண் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் சந்தோஷப்படுவேன்.

கட்டுரை எழுதும்போது, இனத்தை முதலில் அடையாளம் காட்டிய படகு டிரைவரையும் மீன் தரம் பிரிக்கும் அக்காக்களையும் நன்றிப் பகுதியில் சேர், அவர்கள் சம்மதித்தால் பெயரோடு.

இறங்குதளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே; நீர்க்கடுப்பு வந்து படுத்துவிடுவாய். முதல் நாளே மீன் விற்கிற அம்மாக்களிடம் கேள், அவர்கள் போகும் வீட்டைக் காட்டுவார்கள். விடிகாலையில் தனியாகப் போகாதே, ஆட்டோ ஒன்றை மாதத்துக்குப் பேசிவை. ரப்பர் பூட்ஸ் அரை அளவு பெரிதாக வாங்கு. கெளுத்தி முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வை, முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவமனைக்குப் போ. பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடும். பென்சில், நனையாத தாள்.

தங்கும் அறை சரியானதும் உன் அளவுப் பலகையை இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார். காகித அளவை ஒட்டிய பலகை ஈரத்தில் நீளும். 50 சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று அன்றைக்கு இரவே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா