காலி சைட் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பெங்களூரு ஹொரமாவுவில் உங்களுடைய 30க்கு 40 சைட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்து நாலு மூலையிலும் கல் நட்டு, எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டுப் போனீர்கள். அன்று காபி குடித்தது எங்கள் வீட்டில்தான். உங்கள் நம்பர் எழுதிய சீட்டைத் தொலைத்துவிட்டேன். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

போன ஜூலையில் ஒரு சாயங்காலம், துணி எடுக்கப் போன அம்மா, "மலைப்பாம்புக் குட்டி மாதிரி ஒண்ணு சுவரோரம் கிடக்குடா" என்றாள். தடித்த உடம்பு, சருகு நிறம், முதுகு நெடுகச் சங்கிலி கோத்தது போல வட்டங்கள். இரண்டு எட்டு கிட்டே போனதும் குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அப்படி ஒரு சத்தம். மலைப்பாம்பு இல்லை, கண்ணாடி விரியன். இங்கே கொளகுமண்டலா என்பார்கள்.

எதிர்வீட்டுப் பையன் தடியோடு ஓடி வந்தான். பாம்பை அடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் ஊரில் இரண்டு பேர், அவர்கள் முகம்தான் வந்தது. பையனைத் தடுத்து, மகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, பதினைந்தடி தள்ளி நின்று பாம்பு பிடிப்பவருக்குப் போன் போட்டேன். அவர் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை. எங்கே போனது என்று தெரியாத பாம்பு இருக்கும் வீட்டில் ராத்திரி எப்படித் தூங்குவது?

முக்கால் மணியில் வந்தார். வளைந்த கம்பி, வாயில் பிவிசி குழாய் செருகிய துணிப்பை, அவ்வளவுதான். குழாயைப் பொந்து என்று நினைத்துப் பாம்பு தானாகவே உள்ளே போய்விட்டது. அப்புறம் அவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி: "வீட்ல எலி இருக்கா சார்?"

முழுப் பழியையும் உங்கள் சைட் மேல் போடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மாடி கட்டி மிச்சமான செங்கல்லை இரண்டு வருஷமாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தது நான். அதன் அடியில் எலி வளை. காக்கைக்கு வைத்த சோற்றில் மீதியைத் தின்று கொழுத்த எலிகள். பாம்புக்குச் சாப்பாடு என் வீட்டில், தங்க இடம் உங்கள் புதரில்.

செங்கல்லை மறுநாளே (நீளக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளி) அகற்றிவிட்டேன். பின்கதவின் கீழ் இடுக்குக்கு ரப்பர் பட்டை, சாக்கடைக் குழாய்க்குச் சல்லடை. மகள் ஷூவைத் தட்டிப் பார்க்காமல் கால் விடுவதில்லை. அம்மா தரையில்தான் படுப்பேன் என்பவள். அவளுக்கு மட்டும் கட்டில், கொசுவலை. காரணம் கட்டு விரியன். தூக்கத்தில் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தானாகச் சொருகும், அப்போதுதான் தெரியும். அம்மா இன்னமும் ராத்திரியில் பாம்பு என்று சொல்லமாட்டாள், 'பூச்சி' என்பாள். ஆனால் டார்ச் இல்லாமல் வாசல் இறங்குவதில்லை. பக்கத்தில் ஒருவர் பினாயில் தெளிக்கச் சொன்னார். வீடு ஆஸ்பத்திரி போல மணத்ததுதான் மிச்சம்.

கடித்தால் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்துவிட்டோம். கட்டு போடக் கூடாது, கீறக் கூடாது. கையோ காலோ அசையாமல் வைத்து, 108. அருகிலுள்ள ஒரு நர்சிங் ஹோமில் விசாரித்தபோது விஷமுறிவு மருந்து இல்லை என்றார்கள். அதனால் நேரே சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனை என்று முடிவு. ஒரு விஷயம் அண்ணாச்சி, அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் ஆட்கள்தான். மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, நாலின் விஷமும் அங்கே எடுக்கிறார்கள்.

சரி, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ராத்திரியில் லாரிக்காரர்கள் கொட்டிவிட்டுப் போகும் கட்டட இடிபாட்டை அள்ளச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒரு கம்பி வேலி போட்டால் மறுபடி கொட்டமாட்டார்கள். புதரை மழைக்கு முன், பிப்ரவரி மார்ச்சில், பகலில் வெட்டுங்கள். தீ வைக்க வேண்டாம், எல்லாம் எங்கள் பக்கம் ஓடி வரும். சாரைப்பாம்பு ஒன்று அவ்வப்போது தென்படுகிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும், எலி பிடிக்கிறது. கூலியில் பாதி நான் தருகிறேன்.

வரும்போது முழங்கால்வரை பூட்ஸ் போட்டு வாருங்கள். நீங்கள் நட்ட வடகிழக்கு மூலைக் கல் இப்போது புதருக்குள் இருக்கிறது. தனியாகப் போய்த் தேட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். காபி எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுத் தம்பி