கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு வாசலில் நின்ற ஆட்டோ அண்ணாவுக்கு

எங்கள் அணியின் உதைபந்தாட்ட மெட்ச் பார்க்க யாழ்ப்பாணத்தில் இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, 3-1 என்று தோற்றோம், சரி அதை விடுவோம். முடிந்ததும் மழை கொட்ட, கூட்டத்துக்குள் கூட வந்தவர்களைத் தவறவிட்டேன், போனில் சார்ஜ் இல்லை, பேர்ஸைத் தேடினால் அதுவும் இல்லை. சிங்களமும் எனக்கு அரைகுறைதான். வெள்ளவத்தையில் 9 மணிக்கு பஸ் என்று தடுமாறிச் சொல்ல, "ஏறுங்கோ தம்பி" என்று தமிழிலேயே சொன்னீர்கள் பாருங்கள், அப்போதுதான் மூச்சே வந்தது. காலி வீதி நெரிசலில் மாட்டாமல் மரைன் டிரைவ் பக்கமாக விட்டு, பஸ் கிளம்ப 5 நிமிடம் இருக்க இறக்கினீர்கள். காசு வாங்கவில்லை, அப்புறம் பிளேன்டீ குடிக்க 100 ரூபாயும் தந்தீர்கள்! பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. சிவப்பு ஆட்டோ, பின்கண்ணாடியில் முருகன் படம். மிக்க நன்றி அண்ணா, அடுத்த மெட்சுக்கு வரும்போது அதே வாசலில் தேடுவேன்.