பவளமல்லித் தொட்டிக்குச் செங்கல் மேடை: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த குடியிருப்போருக்கு வணக்கம்.

நம் தோட்டத்துப் பவளமல்லித் தொட்டி சென்ற ஐப்பசி மழையில் ஒருபக்கமாகச் சாய்ந்ததையும், அன்றுமுதல் அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதையும் அறிவீர்கள். விடியற்காலையில் உதிர்ந்த பூவைப் பொறுக்க வரும் குழந்தைகளைத் தடுத்து நிறுத்துவது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டடி அகலமுள்ள அந்தச் சிமெண்டுத் தொட்டி, ஈர மண்ணோடு 300 கிலோவுக்குக் குறையாது. அதைத் தாங்கிய இரும்புச் சட்டத்தின் கால்கள் திருவான்மியூரின் உப்புக் காற்றில் துருவேறி இற்றுப்போயின. அவை ஊன்றியிருந்த மண்ணும் இளகியதால் ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. புதிய இரும்புச் சட்டம் வாங்கினால் செலவு பாதியாகும் என்று சிலர் கூறினார்கள். அதையும் ஆராய்ந்தோம், ஆனால் சில ஆண்டுகளில் இதே வேண்டுகோளுடன் மறுபடியும் உங்கள் வாசலுக்கு வர நேரும் என்பதால், கட்டுமேடையே சரியென முடிவு செய்தோம்.

ஓரடி ஆழம் தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஆறு அங்குல ஜல்லிக் கான்கிரீட் இட்டு, அதன்மேல் மூன்றடிச் சதுரமாக, தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, நீர்புகாக் கலவை சேர்த்த சிமெண்டால் பூசப்படும். உள்ளே கம்பி வைக்கப்போவதில்லை; இந்த உயரத்துக்கு அது தேவையில்லை என்பதோடு, துருப்பிடிக்கும் கம்பி பருத்துப் பூச்சையே வெடிக்கச் செய்துவிடும். மேலே பாவும் கருங்கல் பலகை நாற்புறமும் இரண்டு அங்குலம் வெளியே நீண்டிருக்கும். அதன் அடி விளிம்பில் வெட்டப்படும் சிறு பள்ளம், மழைநீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிட உதவும். பவளமல்லிக்கு வேரில் நீர் தேங்குவது ஆகாது. எனவே தொட்டியைப் பலகையில் நேரே வைக்காமல் மூன்று கல் துண்டுகளின் மேல் நிறுத்தி, வடிதுளைக்குக் கீழே இடைவெளி விடுகிறோம்.

தொட்டியைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி வைப்பது உட்பட மதிப்பீடு ரூ.21,000. தோட்ட நிதியில் ரூ.6,600 இருக்கிறது. மீதி ரூ.14,400-ஐ 36 வீடுகளும் பகிர்ந்துகொண்டால் வீட்டுக்கு ரூ.400 ஆகும், இயன்றவர்கள் கூடுதலாகவும், இயலாதவர்கள் குறைத்தும் தரலாம். கட்டியபின் குறைந்தது 7 நாள்கள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். முறைபோட்டுத் தண்ணீர் தெளிக்க உங்கள் பெயரைக் கொடுப்பதையும் நன்கொடையாகவே ஏற்போம்.

ஆகஸ்ட் 31-க்குள் பொருளாளரிடம் தொகையைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வேலை தொடங்கினால்தான் மழைக்கு முன் பூச்சு நன்றாக இறுகும். வரவு செலவுக் கணக்கு, பற்றுச்சீட்டுகளுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
தோட்டக் குழுவினர்