சொன்னாலொழிய

அன்புள்ள மகளுக்கு,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். "முப்பது வருஷம் மொழிபெயர்த்தாயே, உனக்கு இந்த வேலை பிடித்திருந்ததா அம்மா?" பிடித்திருந்தது. முழுவதும் இல்லை. ஒரு சொல் இரண்டு நாள் அலைக்கழித்துவிட்டு, பாத்திரம் கழுவும்போது தானாக வந்து நிற்குமே, அதுதான் பிடித்தது. மற்றபடி பணம் தாமதமாக வரும், பெயர் எங்கும் இருக்காது. மொழிபெயர்ப்பாளர் பெயரை நூலில் நன்றாகத் தெரியும்படி போட வேண்டும் என்று 1976-இலேயே யுனெஸ்கோவின் நைரோபி மாநாடு பரிந்துரைத்தது. பரிந்துரைதானே!

உன் நிலைமை வேறு. அந்தச் சொல்லைத் தேடும் வேலையை மொழிபெயர்ப்பு மெஷின் எடுத்துக்கொண்டது. திருத்துவது மட்டும் உனக்கு, அதுவும் குறைந்த விலைக்கு. நீ சலித்துக்கொண்டபோது சோம்பல் என்றுதான் நினைத்தேன். போன வாரம் நீ அனுப்பிய மருந்துக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. "மருத்துவர் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்." மூலத்தில் இருப்பதோ "சொன்னாலொழிய". முதல் தடவை நானே அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன், அவ்வளவு வழவழப்பு.

முன்பெல்லாம் மெஷின் "களிம்பைத் தோலில் விண்ணப்பிக்கவும்" என்று எழுதும், சிரித்துக்கொண்டே மாற்றிவிடலாம். 2016 வாக்கில் கூகுள் நரம்பியல் முறைக்கு, அதாவது வாக்கியத்தை முழுதாக எடுத்து மொழிபெயர்க்கும் முறைக்கு, மாறியதிலிருந்து நடை சரளமாகிவிட்டது, பிழை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அதைப் பிடிக்க ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். கண் எரிவதுதான் மிச்சம், நீ எழுதியது என்று காட்ட ஒரு வரி இருக்காது.

விட்டுவிடவா என்கிறாய். தொழிலை விடாதே, இந்த ஏஜென்சியை விடு. திருத்தும் வேலைக்குச் சொல் கணக்கு சரிப்படாது, மணிக் கணக்கில் கேள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அப்புறம், மெஷின் தொடாத வேலை ஒன்றாவது கையில் வைத்துக்கொள். ஒரு சிறுகதை போதும், பணம் வராவிட்டாலும் பரவாயில்லை. காசில்லாத வேலையா என்று உன் அப்பா முணுமுணுப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மாத்திரை வரியைத் திருத்தி அனுப்பிவிட்டாயா? முதலில் அதைச் சொல்.

அம்மா