பாசி படிந்த சாய்தளத்தில் டயரின் பிடிப்பு

டார்வின், ஆஸ்திரேலியா
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணியும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில், "அவ்வளவு பெரிய டீசல் வண்டியை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் படகைக் கரையேற்ற முடியவில்லையா?" என்று கேட்டீர்கள். அந்த இரைச்சலில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக டிராக்டரை வைத்து நம் கரையின் படகுகளை மணலில் இழுத்துப் போடுகிறவர் நீங்கள் என்பதால், நடந்ததையும் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் விவரமாக எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

முதலில் இந்த ஊர்க் கடலைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூடத் தேறாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறக்குறைய 8 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவிலுள்ள ஒரு மணி நேரத்தில் மட்டும் நீர் 2 மீட்டர் இறங்கிவிடும். படகு இறக்குவதற்காகக் கட்டியிருக்கும் கான்கிரீட் சாய்தளம் எட்டடிக்கு ஓரடி என்ற அளவில் சரிந்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 16 மீட்டர் நீளத் தளம் நீரிலிருந்து வெளியே வந்துவிடுகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேல்பகுதி வெயிலில் காய்ந்து வெள்ளையாக இருக்கும். நாளின் பெரும்பகுதி நீருக்குள் கிடக்கும் கீழ்ப்பகுதியில் பச்சைப் பாசி எண்ணெய் தடவியதுபோல் படிந்திருக்கும். வற்றத்தில் கரையேறுகிறவனின் சக்கரங்கள் அந்தப் பச்சையில்தான் நின்றாக வேண்டும்.

மே 25ஆம் தேதி, பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், கடல் நன்றாக வற்றியிருந்த மதியத்தில் நாங்கள் திரும்பினோம். ஐந்தரை மீட்டர் அலுமினியப் படகு, எஞ்சின், எரிபொருள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 1,500 கிலோ இருக்கும். பின்பக்கம் திறந்த தட்டுள்ள, இங்கே யூட் என்று அழைக்கப்படும் என் வண்டி 2,000 கிலோ. படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. நான் பதற்றத்தில் இன்னும் அழுத்தினேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது, வண்டி ஒரு மீட்டர் பின்னோக்கி நீரை நோக்கி வழுக்கியது. நம் ஊராக இருந்தால் பத்துப் பேர் இறங்கித் தோள் கொடுத்திருப்பார்கள். இங்கே உவர்நீர் முதலைகள் உலவும் நீரில் முழங்கால் அளவுகூட இறங்கக் கூடாது, அதற்கான எச்சரிக்கைப் பலகையும் தளத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. கடைசியில் மேலே காய்ந்த தரையில் நின்ற ஒரு பெரியவர் நீண்ட பட்டையைப் போட்டுத் தம் வண்டியால் எங்களை இழுத்துவிட்டார். பட்டையை வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த இழுவை வளையத்தில்தான் மாட்ட வேண்டும், டிரெய்லர் பூட்டும் உருண்டையில் மாட்டினால் அது முறிந்து குண்டுபோல் பறந்து ஆளைக் கொன்றுவிடும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டியும் படகும் சேர்ந்து 3,500 கிலோ. எட்டுக்கு ஒன்று சரிவில் அதை மேலே நகர்த்த ஏறத்தாழ 440 கிலோ இழுவை வேண்டும். தட்டு காலியாக இருக்கும்போது, டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடையையும் சேர்த்து, என் பின்சக்கரங்கள் இரண்டின்மேலும் நிற்பது சுமார் 1,000 கிலோதான். அப்படியானால் பத்தில் நான்கு பங்குக்கும் மேலான பிடிப்பை அந்த இரண்டு டயர்கள் தரையிலிருந்து பெற வேண்டும். காய்ந்த கான்கிரீட் அதைத் தாராளமாகத் தரும், பாசி தராது. நான்கு சக்கரங்களும் இழுத்தால் வண்டியின் முழு எடையும் வேலைக்கு வந்து, தேவை பத்தில் இரண்டாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சினின் பலம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைப் பாருங்கள். டிராக்டர் டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடையேற்றும்போது நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். அதை இங்கே வந்து மறந்திருக்கிறேன்.

என் வண்டியில் நான்கு சக்கர இழுவை இருந்தும் நான் அதைப் போடவில்லை. கெட்டியான காய்ந்த தரையில் அதைப் போட்டு வளைத்தால், முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால் உள்ளே முறுக்கேறிப் பல்சக்கரங்கள் கெடும் என்று கேட்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் நேராக ஏறும் இருபது முப்பது மீட்டருக்கு அந்தப் பயம் தேவையில்லை, மேலே சமதரைக்கு வந்து திருப்புவதற்கு முன் எடுத்துவிட்டால் போதும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மூன்று மீட்டர் மேலே நிற்பதால், பின்னவை பாசியில் இருக்கும்போதே முன்னவை காய்ந்த இடத்தைப் பிடித்திருக்க வாய்ப்புண்டு.

இதைவிட முக்கியமான ஒன்றை இப்போதுதான் உணர்ந்தேன். என் வண்டியின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அவை பாசியில் நிற்கும்போது, அதை இழுத்துவிட்டு ஓட்டுநர் இறங்கிப்போனால், பூட்டிய சக்கரங்களோடு வண்டி தானாகவே வழுக்கிக் கடலுக்குள் போய்விடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு, கியரிலும் நிறுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். அதன் பிறகும் முன்சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கட்டை வைக்காமல் நான் இப்போது இறங்குவதில்லை.

டயரைப் பற்றிக் கேட்டீர்கள். சேற்றுக்கென்று விற்கும் பெரிய கட்டைகள் உள்ள டயர்தான் வழுக்கலுக்கு நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். சேற்றிலும் உழவிலும் அந்தக் கட்டைகள் உள்ளே இறங்கிக் கவ்வும், உங்கள் டிராக்டர் மணலில் நிற்பதும் அப்படித்தான். கான்கிரீட்டுக்குள் எதுவும் இறங்க முடியாதே. அங்கே மெல்லிய கீறல்கள் நிறைந்த, மிருதுவான ரப்பர்தான் பாசியையும் நீரையும் ஒதுக்கித் தரையைத் தொடுகிறது. நாளாக ஆக ரப்பர் இறுகிப்போவதால், பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். என் பின்டயர்களில் அந்த எண்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். காற்றைக் குறைப்பது மணற்கரைக்கு மிகவும் உதவும். கான்கிரீட்டில் அதனால் பயன் குறைவு, பாரத்தோடு சாலையில் ஓட்டும்போது டயர் சூடேறி வெடிக்கும் அபாயமும் உண்டு என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

எடையை இடம் மாற்றுவது எளிய வழி. படகிலிருந்த பனிக்கட்டிப் பெட்டி, நங்கூரம், மீன் எல்லாவற்றையும் இப்போது தட்டில் பின்சக்கரத்துக்கு நேர்மேலே ஏற்றிவிடுகிறோம். உயிர்மீன் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் அது 100 கிலோ வீண்சுமை. அதைக் கரையை நெருங்கும்போதே திறந்துவிடுகிறோம். படகின் அடியில் தேங்கிய நீரும் அப்படித்தான்.

நேற்று மறுபடியும் போனோம். நவமியை ஒட்டிய நாள் என்பதால் கடல் பெரிதாக வற்றவில்லை. அதற்கும் மேலாக, கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் பாதிக்கு மேல் ஏறிய பிறகே கரைக்கு வந்தோம். நான்கு சக்கர இழுவையில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் இரண்டாம் கியர் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை மெதுவாக எடுத்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலாதபடி ஏற்றினேன். சுழலத் தொடங்கிய டயருக்கு உருளும் டயரைவிடப் பிடிப்பு குறைவு, அழுத்த அழுத்த அது பாசியை மெழுகிக்கொண்டே போகும். இடையில் ஒருமுறை பின்சக்கரம் லேசாக நழுவியபோது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டன. மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியில் நான்கு கொடுவா மீன்கள் இருந்தன. இங்கே பாராமுண்டி என்று கொண்டாடுவது நம் கொடுவாதான் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள்.

அண்ணா, நீங்கள் அனுப்பிய படத்தில் டிராக்டரின் வலது பின்டயரில் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். இடதுபக்கம் புதிதாகவும் வலதுபக்கம் தேய்ந்தும் இருந்தால், பிடிப்பு குறைந்த பக்கம்தான் முதலில் சுழலும், மற்றதன் பலமும் அதோடு வீணாகும். இந்த மாதச் சம்பளம் வந்ததும் டயருக்கான பணத்தை அனுப்பிவைக்கிறேன். பழைய டயரிலுள்ள தண்ணீரை இறக்கிய பிறகு, புதியதில் எவ்வளவு நிரப்புகிறீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி